கொல்லாமை யாவர்க்குரியது?

திருவள்ளுவனார் கொல்லாமையைத் துறவறவியலுள் வைத்து ஓதினார். படைமாட்சியையும் படைச்செருக்கையும் பொருட்பாலுள் வைத்து ஓதினார். கொடியாரை ஒறுத்தல் வேந்தற்குக் கடனென்பதைச் செங்கோன்மையுள் உணர்த்தினார். இம்மூன்றனையும் ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு ஓர் ஐயம் நிகழ்தல் இயல்பு. கொல்லாமை துறந்தார்க்கே உரிய விரதமோ? உழுதும் விற்றும் ஊரோடு கூடியும் வாழும் இல்வாழ்வானையும் அது பிணிக்குமோ? பிணிக்குமெனின் எத்துணை அளவிற்று? நூல் கேட்பார்க்கு எளிதில் தோன்றும் இவ்வினா ஏட்டளவில் நின்றொழிவதன்று. சில காலங்களில் அது வீட்டு வாயிலிலே வந்து நின்று விடை கேட்கும்.

போடிநாயக்கனூரில் 2011ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் அஃது அங்ஙனம் வந்து நின்றது. ஏலமலைச் சாரலின் அடியில் அமைந்த இவ்வூர், மலைமேல் விளையும் ஏலக்காய் இறங்கிவந்து விலையாகும் பெருஞ்சந்தை. காய் விளையும் தோட்டங்களிற் பெரும்பாலான கேரள நாட்டு இடுக்கி மாவட்டத்தன. அவற்றில் உழைப்பாருட் பெருந்தொகையினர் தமிழர். அவ்வாண்டின் இறுதியில் மலைமேல் உணரப்பட்ட சிறு நிலநடுக்கங்களால், 1895இல் முடிவுற்ற முல்லைப் பெரியாற்று அணை உடையுமோ என்னும் அச்சம் கேரள மக்களிடை மிக்கது. அணை நீர் இல்லையாயின் கம்பம் பள்ளத்தாக்கின் வயல்கள் பாழாமே என்னும் அச்சம் தமிழ் மக்களிடை மிக்கது. ஈரச்சமும் பொய்யல்ல. ஆயினும் அவ்விரண்டினிடையே வதந்தி புகுந்தது. இரு புறத்தும் கடைகளும் வண்டிகளும் தாக்குண்டன, மலைவழிகள் அடைபட்டன, தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பல அஞ்சிக் கீழிறங்கின, பல்லாயிரவர் எல்லை நோக்கி நடந்தனர். அந்நாளில் ஒவ்வோர் இல்வாழ்வானும், வாளா இருத்தல் அறமோ, கை ஓங்குதல் அறமோ என்பதற்குத் தன் செயலால் விடை கூற வேண்டியவனாயினான்.

இவ்வினாவிற்கு ஒரே விடை கூறி, அவ்விடையை முந்நூற்றைம்பது ஆண்டுகட்கு மேலாக இல்லறத்தில் நின்றே கடைப்பிடிக்க முயன்றுவரும் கூட்டத்தார் கிறித்துவ சமயத்துள் உளர். அவர் தம்மை நண்பர் கழகத்தார் என்பர். உலகம் அவரைக் குவேக்கர் என வழங்கும். நடுங்குவோர் என்பது அச்சொல்லின் பொருள். இறைவன் திருமொழிக்கு நடுங்குக என்று இக்கூட்டத்தின் முதல்வர் கூற, அவரை விசாரித்த நடுவர் அதனை எள்ளி இட்ட பெயர் அது. வசையாக வந்த பெயரையே அவர் பின்னர் மறாது ஏற்றுக்கொண்டனர். பிற சமயத்தார் கொள்கையை அதன் உண்மை வடிவில் அறிந்து, கொள்வன கொண்டு தள்ளுவன தள்ளுதல் சைவ நூலாசிரியர் கையாண்ட முறையேயாம். ஆகலின் அவர் கொள்கையைச் சிறிது விரித்து நோக்குதல் தகும்.

முதல்வராகிய ஜார்ஜ் பாக்ஸ் 1624இல் இங்கிலாந்தில் நெசவாளர் ஒருவர்க்கு மகனாகப் பிறந்தவர். ஒவ்வோர் உயிரகத்தும் இறைவன் இட்ட ஒளி ஒன்றுண்டு, அதனை அடைதற்குக் குருமார் கூட்டம் வேண்டா என்பது அவர் துணிபு. அவர் வழியினர் கூடி மௌனமாய் அமர்வர். எவர்க்கேனும் அவ்வொளி ஏவுவதாகத் தோன்றின் அவர் எழுந்து சில சொற்கள் கூறி அமர்வர். அரசன் முன்னும் தலையணி களையார். ஆணையிட்டுச் சொல்லார், என்றும் உண்மை கூறுவானுக்கு ஆணை எதற்கு என்பது அவர் வாதம். 1651இல் பாக்ஸ் டார்பி நகரச் சிறையில் இருந்தபோது, படைத்தலைவர் பதவி ஏற்பின் விடுதலை என்றனர். போர்க்குரிய காரணமே அற்றுப்போகும் வாழ்வில் தாம் நிற்பதாகக் கூறி அவர் மறுத்தார், சிறை நீண்டது. 1661ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இரண்டாம் சார்லசு மன்னர்க்கு அவர் கூட்டத்தார், எக்காரணம் பற்றியும் எப்படைக்கலமும் எடுக்க மாட்டோம் என எழுதிக் கொடுத்தனர். அப்பர் பெருமான் பல்லவன் அழைப்பிற்கு இணங்காது நீற்றறையும் நஞ்சும் யானையும் கல்லும் கண்டஞ்சாமல் நின்ற வரலாற்றைக் கேட்டு வளர்ந்தார்க்கு, அரசனினும் பெரியான் ஒருவற்கே ஆட்பட்டு நிற்கும் இவ்வுறுதி அயலாகத் தோன்றாது.

ஈண்டுப் பாக்ஸ் கூறிய விடையை ஊன்றி நோக்குதல் வேண்டும். 'வாள் எடேன்' என்பதோடு அவர் நின்றாரல்லர்; போரின் காரணம் அற்ற வாழ்வையே கூறினார். காரணம் அறாது காரியத்தை மட்டும் விலக்குதல் வேரை நிறுத்திக் கிளையை வெட்டுதல் போலும். போர்க்குக் காரணம் யாது? அவா. அவா வாளில் தோன்றுமுன்னர்த் தராசிலும் ஓலையிலும் தோன்றும். இவ்வுண்மை அக்கூட்டத்தார் வரலாற்றிலேயே இரண்டிடத்தில் விளங்கக் கிடக்கின்றது.

ஒன்று பென்சில்வேனியா. அரசன் தந்தைக்குப் பட்டிருந்த கடனுக்கு ஈடாக அமெரிக்காவிற் பெருநிலம் பெற்ற வில்லியம் பென் என்னும் நண்பர், 1682இல் ஆங்குச் சென்று இலெனாபே என்னும் தொல்குடியினரோடு உடன்படிக்கை செய்துகொண்டார். அரசன் தந்த நிலமேயாயினும் குடியிருந்தார்க்கும் விலை கொடுத்தார். கொலைத்தண்டனையை மிகச் சில குற்றங்கட்கே சுருக்கினார். நீதிமன்றமும் சிறையும் இருந்தன, படை இல்லை. ஏறத்தாழ எழுபதாண்டு அந்நாடு படையின்றி அமைதியாய் இருந்தது. அவ்வமைதி எங்ஙனம் குலைந்தது? 1737இல் தந்தையின் நெறியினின்றும் நழுவிய பென்னின் மக்கள், ஒருவன் ஒன்றரை நாளில் நடந்து கடக்கும் அளவு நிலம் தமக்குரியது எனப் பழைய ஓலை ஒன்றைக் காட்டினர். பின்னர் முன்னரே வழி திருத்திவைத்து, விரைந்தோடும் ஆடவரை அமர்த்தி, தொல்குடியினர் எண்ணியதினும் மிகப் பெரிய நிலப்பரப்பைக் கவர்ந்தனர். அங்ஙனம் ஏமாற்றுண்டாரது சினம் உள்ளே கனன்று, பத்தொன்பது ஆண்டுகளில் எல்லைப்புறப் போராய் மூண்டது. சட்டசபையிலிருந்த நண்பர் பலர் போர் நடத்துதற்கு உடன்படாது 1756இல் பதவி துறந்தனர். பதவியையும் விரதத்தையும் ஒருங்கே காக்க இயலாதபோது அவர் பதவியை விடுத்தது மெச்சற்பாலதே. ஆயினும் உண்மையில் அமைதி உடைந்தது 1756இல் அன்று. 1737இல் நிலம் அளந்த அன்றே உடைந்தது.

மற்றொன்று அடிமை வாணிகம். எவ்வுயிரகத்தும் ஒளியுண்டு என்ற அக்கூட்டத்தாரே அமெரிக்காவில் ஆப்பிரிக்க மக்களை விலைக்கு வாங்கி அடிமைகொண்டிருந்தனர். ஜெர்மன்டவுன் என்னும் ஊரினர் 1688இல் இதனைக் கண்டித்து எழுதியும் கழகம் அதனை வாளா வைத்துவிட்டது. பின்னர் ஜான் உல்மன் என்பார் தோன்றினார். கடைக் கணக்கராயிருந்த இளமையில், அடிமைப் பெண்ணொருத்தியை விற்றமைக்கு விலைச்சீட்டு எழுதும்படி முதலாளி ஏவ, உள்ளம் கூசியும் எழுதிவிட்டார். அக்கூச்சம் அவரை விடவில்லை. அடுத்து ஒருவர் வேண்டியபோது எழுத மறுத்தார். தம் கடை வளர்ந்து உள்ளத்தைப் பற்றத் தொடங்கியது கண்டு வாணிகத்தைச் சுருக்கித் தையற்றொழிலால் பிழைத்தார். அடிமை உழைப்பால் விளையும் சருக்கரையைத் தவிர்த்தார். அடிமை வைத்திருந்தார் வீட்டில் தங்க நேரின், தமக்கு ஏவல் செய்த அடிமைகட்குக் கூலி கொடுத்தே அகன்றார். எவரையும் வைதாரல்லர், வீடுதோறும் சென்று அமர்ந்து பேசினார். 1772இல் அவர் இறந்தார். 1776இல் பிலடெல்பியாக் கூட்டம் அடிமை வைத்திருப்பாரைக் கழகத்தினின்றும் நீக்கத் துணிந்தது. ஒரு கொள்கை வாயினின்று கைக்கு இறங்க எண்பத்தெட்டு ஆண்டு சென்றது. இது பிறரை இகழ்தற்குரியதன்று. எச்சமயத்தாரும் தம்மை அளந்துகொள்ளுதற்குரிய கோல்.

அவர் செய்த பிற தொண்டுகளைச் சுருங்கக் கூறின் அமையும். பித்துற்றோரைச் சங்கிலியால் பிணித்த காலத்தில் அவர்க்கென யார்க் நகரில் 1796இல் அன்புநெறி மருத்துவமனை திறந்தனர். எலிசபெத் பிரை அம்மையார் நியூகேட் சிறையில் மகளிரிடைத் தொண்டு புரிந்தார். இரு பெரும்போர்களிலும் படைக்கலம் ஏந்த மறுத்த இளைஞர் பலர் மருத்துவ வண்டிகளைச் செலுத்திக் குண்டு மழையிடைப் புண்பட்டாரை எடுத்தனர். 1947இல் உலக அமைதிக்கான நோபெல் பரிசு அவர்தம் பிரிட்டிஷ், அமெரிக்கத் தொண்டுக் கழகங்கட்கு வழங்கப்பட்டது. இக்காலத்துச் சமூக வினாக்கள் அனைத்தினும் அவர் ஒருமனத்தினர் அல்லர். 2009இல் பிரிட்டிஷ் நண்பர் ஒருபாலார் மணத்தை ஏற்கத் துணிந்தனர். மிகப் பலராய் வாழும் கென்ய நாட்டு நண்பரோ அதனை ஏலார். பழைய முறை நின்ற கூட்டங்களில் கருத்தெண்ணிக்கை எடுத்துச் சிறுபான்மையோரை வெல்லுதல் இல்லை. உளம் ஒன்றுங்காறும் மௌனத்திற் காத்திருப்பர்.

தமிழ்நாடும் இவரை அறியாததன்று. மார்ஜரி சைக்ஸ் அம்மையார் 1928இல் சென்னைக்குப் பெண்கள் பள்ளி ஆசிரியையாய் வந்து, தமிழ் கற்று, பின் நண்பர் கழகத்தைச் சார்ந்து, காந்தியடிகளின் கல்விநெறிக்குத் தம்மை ஆளாக்கினார். நீலகிரிக் கோத்தகிரியில் வாழ்ந்து அமைதித் தொண்டிற்கு இளையரைப் பயிற்றினார். 1964இல் தொடங்கிய நாகாலாந்து அமைதி முயற்சியிற் பங்குகொண்டார். போருக்குச் செல்லாது சீனத்தில் நோயாளரிடைத் தொண்டு புரிந்த இலாரி பேக்கர், இந்நாட்டில் எளியார்க்கு ஏற்ற வீடுகட்டும் கலைஞராய்ப் புகழ்பெற்று 2007இல் மறைந்தார். திருவனந்தபுரம் சேருமுன் அவரும் மருத்துவராகிய மனைவியாரும் 1963 முதல் சில ஆண்டுகள் இடுக்கி மலையிலுள்ள வாகமண்ணில் மலைமக்களிடை வாழ்ந்தனர். போடியினின்று மேற்கே எழும் மலைத்தொடரின் மறுபுறம் அது.

இனிச் சைவத்தின் நிலை யாதென ஆராய்தும். நாயன்மாருள் வாளேந்தினார் பலர். வாதாவியை வென்ற பரஞ்சோதியாரே சிறுத்தொண்டர். ஆகலின் வாள் ஏந்துதல் ஒன்றே வீடுபேற்றுக்குத் தடை எனச் சைவம் கூறிற்றில்லை. ஆயினும் திருத்தொண்டர் புராணம் வாளேந்தினாரைப் போற்றும் இடங்களை நோக்குக. ஏனாதிநாதர் வாள் பயிற்றும் ஆசிரியர். அதிசூரனை வெல்லும் தறுவாயில் அவன் நெற்றியில் திருநீறு கண்டு, கொல்லேன் எனத் துணிந்தார். படையைக் கீழே இடின் நிராயுதரைக் கொன்ற பழி அவனைச் சாருமே என்று, பொருவார் போல வாளும் பலகையும் பிடித்து வாளா நின்றார். புகழ்ச்சோழர் வெற்றிப் பொருளாய் வந்த தலைகளுள் சடைத்தலை ஒன்று கண்டு, வென்றேன் என மகிழாது தீயிற் புகுந்தார். மெய்ப்பொருளார் தம்மைக் குத்திய முத்தநாதனுக்கு இடர் நேராமைப் பொருட்டு, அவனை ஊர்ப்புறத்தே பத்திரமாய்க் கொண்டுபோய் விடுமாறு தத்தனாரை ஏவி, அவன் போயினான் என்ற சொல் கேட்குமளவும் உயிர் தாங்கினார். வாள் வென்றமைக்காக அன்று, வாள் நின்றமைக்காகவே இவர் போற்றப்பட்டனர்.

இங்கு ஒரு தடை எழும்: இவர் வணங்கியது திருவேடத்தையேயன்றி மனிதனையன்று, நீறில்லாதான் மாட்டு இது செல்லுமாறு எங்ஙனம் என்பது. கூறுதும். அதிசூரன் நீறும் முத்தநாதன் நீறும் வஞ்சனையால் இட்டவை. இட்டவன் உள்ளம் பொய்யாயினும் நீறு பொய்யாகாது என்று கண்டனர் அவர். சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம் திருவேடத்தை இறைவனெனவே தொழுமாறு விதித்தலும் அவன் ஆண்டு விளங்கி நிற்றல் பற்றியாம். அற்றேல், அவன் உயிர்க்குயிராய் எவ்வுயிரிலும் பிரிவற நிற்கின்றான் என்பதும் அந்நூலின் துணிபே. தயிரில் நெய்யும் பாலில் நெய்யும் போல, விளங்கும் இடமும் விளங்கா இடமும் உண்டு; இல்லா இடம் இல்லை. வஞ்சனையால் இட்ட நீற்றிற்கு வாளை நிறுத்தியவர் வழிவந்தார், எவ்வஞ்சனையானும் இடப்படாது இயல்பாகவே உள்ள அவ்விருப்பிற்கு வாளை நிறுத்தாமைக்குக் கூறும் காரணம் யாது? இவ்வினாவைக் குவேக்கர் கேளாவிடினும் சித்தாந்தமே கேட்கும்.

மற்றொரு தடை வலியது. இறைவனும் முப்புரம் எரித்தான், கூற்றை உதைத்தான். ஒறுத்தலும் அருளே என்று சிவஞான சித்தியார் தந்தை மகனை அடித்துத் திருத்துதலைக் காட்டி விளக்கும். ஆகலின் தீயோரை ஒறுத்தல் மறக்கருணை ஆகாதோ எனின், ஆகும், ஒறுப்பான் அவனாயின். மறக்கருணை மலமற்றவற்கும், ஒறுக்கப்படும் உயிரின் வினை முழுதும் அறிந்தவற்குமே கூடும். ஆணவத்தாற் கட்டுண்ட உயிர் தன் சினத்தையே மறக்கருணை எனப் பெயரிட்டு வழங்குமாயின், அதனினும் பெரிய ஆணவம் பிறிதில்லை. இவ்விடத்தே சித்தாந்தம் குவேக்கரினும் ஆழ்ந்து செல்கின்றது. அவர் பகைவன் உள்ளத்து ஒளியைக் கண்டு வாளை விலக்குவர். சித்தாந்தியோ அதனோடு தன் உள்ளத்து இருளையும் கண்டு விலக்க வேண்டியவனாவான்.

அஃதேல் வேந்தன் கடன் என்னாம் எனின், சட்டத்தின்வழி ஆராய்ந்து ஒறுத்தலும் சினத்தின்வழிக் கூடி அடித்தலும் ஒன்றல்ல என்க. முன்னது வேந்தற்கும் இக்காலத்து அரசிற்கும் உரியது. பென்னின் நாட்டிலும் இருந்தது. பின்னது எவர்க்கும் உரியதன்று. நாடு காக்கும் படைஞன் நிலை இவ்விரண்டற்கும் இடைப்பட்டது. அதன்கண் சைவமும் குவேக்கர் கொள்கையும் ஒன்றாவெனக் கொள்ளலே நேர்மை. சரியை கிரியை யோகங்களின்றி மௌனத்தையே முதற்படியாகக் கொள்ளும் அவர் வழிபாட்டு முறையும் தீக்கையும் குருவருளும் இன்றியமையாதன எனும் சைவர்க்கு உடன்பாடாகாது. வேற்றுமையை மறைத்துக் கூறும் ஒற்றுமை நிலைபெறாது.

இனித் தொடக்கத்து வினாவிற்குத் திரும்புவோம். 2011இல் மலையடிவார ஊர்களில் இல்வாழ்வான் செய்தற்குரியது யாது? அதற்குத் தத்தனாரே விடை. அவர் துறவியல்லர், கையில் வாளுடையவர், தம் தலைவனைக் குத்தினான் கண்முன்னே நிற்கின்றான், சினந்த ஊரார் சூழ்ந்து வருகின்றனர். அவர் அவ்வாளைக் குற்றவாளிமேல் வீசாமல், ஊராரை விலக்கி அவனை எல்லை கடத்திவிட்டார். முத்தநாதன் கொலைஞன். எல்லைத் தெருவில் தேநீர்க்கடை வைத்திருந்த மலையாளியோ, மலைமேற் காய் பறித்திருந்த தமிழ்ப் பெண்ணோ எக்குற்றமும் செய்தாரல்லர். கொலைஞனுக்கே அத்துணைக் காவல் தகுமாயின், அயலூரிற் பிறந்தமையன்றிப் பிழை ஒன்றும் இல்லாதாரைத் தெருவில் நின்று காத்தல் சைவனுக்கு எத்துணைக் கடன்! அணை வழக்கு பின்னர் நீதிமன்றத்திலேயே முடிவு கண்டது; 2014 மே 7ஆம் நாள் உச்ச நீதிமன்றம் 142 அடி அளவை உறுதி செய்தது. அத்தீர்ப்பிற்குத் தெருவில் எறிந்த கல் ஒன்றேனும் துணையாயிற்றில்லை.

ஆயினும் கலகம் எழுந்த நாளில் காத்தல் கடைசிப் படியே. முதற்படி அதற்கு நெடுநாள் முன்னது. ஏலக்காய் வாணிகத்தை நோக்குக. விடியுமுன் போடியினின்றும் தேவாரம் கம்பம் முதலிய ஊர்களினின்றும் மகளிர் ஜீப்புகளில் நெருங்கியமர்ந்து மலையேறுகின்றனர். செடியடியில் தரையொட்டி நீளும் சரத்தில் முற்றிய காயைத் தெரிந்து, நாள் முழுதும் குனிந்தே பறிக்கின்றனர். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்து ஒரு கிலோ ஆகின்றது. அது கீழே வந்து பருமன்வாரியாகப் பிரிபட்டு, போடியில் மின்னணு முறையில் ஏலம் போகின்றது. பொருட்பெயரும் விற்பனை முறையின் பெயரும் ஈண்டு ஒன்றாயமைந்தன. மலையாளி தோட்டம், தமிழச்சி கை, போடி வணிகன் முதல், வடநாட்டான் அடுக்களை எனப் பலரை ஒரு காய் கோத்து நிற்கின்றது. அக்கோவையில் எங்கேனும் எடை குறையின், கூலி தாழின், ஏறும் வண்டி அளவிறந்து நெருக்குண்ணின், ஆண்டே சிறு பகை ஒன்று விதைக்கப்படும். அது மொழிப்பகை போலவோ நீர்ப்பகை போலவோ பிறிதொரு நாள் முளைக்கும். நிலமளந்த அன்றே பென்சில்வேனியாவின் அமைதி உடைந்தது போல்வது இது.

பழையாறை அமர்நீதியார் வணிகர். அவரை இறைவன் சோதித்தது போர்க்களத்தில் அன்று, தராசில். ஒரு கோவணத்திற்கு எதிரே பொருளெல்லாம் இட்டும் தட்டு ஒவ்வாதாக, மனைவி மகவோடு தாமும் ஏறினார். வணிகனுக்கு உரிய போர்க்களம் தராசுத் தட்டே என்பது அவ்வரலாற்றால் பெறப்படும். உல்மன் விலைச்சீட்டு எழுத மறுத்த மேசையும் அத்தகையதே.

ஆகலின் கொல்லாமை துறவிக்கு மட்டும் உரியதன்று, இல்வாழ்வானுக்கும் உரியது. துறவிக்கு அஃது ஒரு செயலை விலக்குதலாய் முடியும். இல்வாழ்வானுக்கோ அச்செயலுக்கு வித்தாவனவற்றை நாள்தோறும் களைதலாய்த் தொடங்கும். கேட்ட வதந்தியைப் பிறர்க்கு ஏற்றிச் சொல்லாமை, தட்டில் விரல் படாமை, உழைத்தார்க்குரிய கூலியைப் பொழுது சாயுமுன் தருதல், அயலான் கடைமுன் கல்லேந்தி வருவாரிடைத் தத்தனாராய் நிற்றல் என்பன அதன் படிகள். இவற்றைச் செய்தானுக்குப் போர்க்களத்து வாள் எடுப்பதோ விடுப்பதோ என்னும் வினா பெரும்பாலும் எழாதொழியும். எழுந்தவழியும், தன் உள்ளத்து இருளை அறிந்த அவன் கை எளிதில் ஓங்காது.

திருச்சிற்றம்பலம்.